குறுக்கே வராத உடும்பு

ஜாசினைத் தாண்டி, செம்பனைத் தோட்டத்துக்கு மண்சாலை பிரிகிற முனையில் இன்று காலை காற்று பாமாயில் ஆலைப் பக்கமிருந்து வீசியது. பழக்குலைகளை வேக வைக்கிற அந்தப் புளித்த, எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய நாற்றம். அந்த இடத்தில் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். நீ மட்டும் வேண்டுமென்றே மூச்சை இழுத்து விட்டு, "நம்ம ஊரு சாம்பிராணி அண்ணி. இதுக்கும் ஒரு கும்பிடு போட்டுட்டு வாங்க" என்பாய். நான் திட்டுவேன். இன்று திட்டுவதற்கு ஆள் இல்லாததால் சைக்கிளை விட்டு இறங்கிக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். வீட்டுக்கு வந்து குளித்து, விளக்கேற்றிவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இதை எழுதக் காரணம் ஒன்றுதான். யாரிடமும் சொல்லக்கூடாது என்று என்னிடம் நீ சத்தியம் வாங்கினாயே, அதை உன் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அன்றைக்கு நீ விழுந்தது உன்னால் இல்லை, என்னால் என்று. சத்தியத்தை மீறியதை உன்னிடமே சொல்லாமல் இருப்பது சரியாகப் படவில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததும் இதில் வரும். தெரியாததும் வரும்.

நமக்கு இந்தச் சைக்கிள் பழக்கம் கிளினிக்கில் தொடங்கியது. எனக்குச் சர்க்கரை இருக்கிறது, தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது கூட இருந்தவள் நீ. புக்கிட் காத்திலில் எங்கள் தாமான் குடியிருப்பைச் சுற்றி நாலு நாள் நடந்தேன். ஐந்தாம் நாள் போன் போட்டு, "அதே வீடு, அதே நாய், அதே குப்பைத் தொட்டி. எனக்கு அலுத்துப் போச்சு" என்றேன். அந்தச் சனிக்கிழமை உன் வீடு இருக்கிற ரெம்பியாவிலிருந்து நீ வந்தபோது உன் காரின் பின்னால் இரண்டு சைக்கிள்கள் கட்டியிருந்தன. ஒன்று உன்னுடையது. இன்னொன்று உன் ஆபிஸில் யாரோ வேண்டாமென்று விட்டுப் போன பழைய மலைச் சைக்கிள்.

"எனக்கு வேணாம்மா. பள்ளிக்கூடத்துல ஓட்டினது. இப்ப நான் ஏறினா சைக்கிளுக்குத்தான் கஷ்டம்."

"சைக்கிள் ஒன்னும் சொல்லலியே. ஏறுங்க அண்ணி."

வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த உன் அண்ணன் தலையைத் தூக்காமல், "நாப்பத்தாறு வயசுல சர்க்கஸ்ல சேரப் போறியா?" என்று என்னைக் கேட்டார்.

"சேரட்டும்ணே. நீங்க முன் வரிசையில உக்காந்து கைதட்டுங்க" என்றாய். எனக்கு மூன்று வயது இளையவள், கல்யாணமாகாதவள், லோரிக் கம்பெனி ஆபிஸில் ஓட்டுனர்களை மேய்க்கிறவள். தகப்பன் இல்லாத வீட்டில் உன்னைத் தூக்கி வளர்த்த அண்ணனிடம் இப்படிப் பேச உன்னால் மட்டும்தான் முடியும். அவரும் பேப்பருக்குள்ளே சிரித்ததை நான் பார்த்தேன்.

முதலில் தாமானுக்குள் ஓட்டினோம். பிறகு தார்ச் சாலை. லோரிகள் பக்கத்தில் உரசிக்கொண்டு போனதில் எனக்கு உயிர் போய் வந்தது. "லோரிக்காரங்கள நான் தெனமும் ஆபிஸ்ல பாக்கறேன் அண்ணி. ரோட்ல அவனுங்கள நம்பாதீங்க. வாங்க, தோட்டத்துக்குள்ள போயிடலாம்" என்று நீதான் மண்சாலைக்குத் திருப்பினாய். செம்மண்ணும் சரளைக்கல்லும் கொட்டிய அந்தத் தோட்டத்துப் பாதைகள் ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்து, மலைக்காட்டின் ஓரம் ஏறி, ஆற்றங்கரையில் இறங்கி, எங்கெங்கோ போய்ச் சேர்ந்தன. ஆளில்லை, ஹாரன் இல்லை. அதற்கென்றே கிரேவல் பைக் என்று ஒரு வகைச் சைக்கிள் இருக்கிறது, வெளிநாட்டுக்காரர்கள் அதில் மலையும் காடுமாகப் போகிறார்கள் என்று நீ கைப்பேசியில் காட்டினாய். பெயர் இல்லாமலே நாம் அதைச் செய்துகொண்டிருந்தோம்.

நான் தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்தியவள். அதற்கு மேல் கற்றதெல்லாம் நானாகத் தட்டித் தடவிக் கற்றது. சைக்கிள் வேலையும் அப்படித்தான். பஞ்சர் ஒட்டுவதைக் கைப்பேசி வீடியோவில் ஒருவர் தெலுங்கில் சொல்லித் தந்தார். பேச்சு புரியாவிட்டால் என்ன, கை என்ன செய்கிறது என்று பார்த்தால் போதும். சங்கிலியை எப்படிக் கழுவுவது, சரளைக்கல்லுக்கு டயரில் காற்றை எவ்வளவு குறைக்க வேண்டும், எல்லாம் பார்த்துப் பார்த்துப் பழகினேன். நீ ஓட்டுவாய், சாமானைத் தொட மாட்டாய். "மெக்கானிக் வேலை அண்ணி டிபார்ட்மெண்ட்" என்று சொல்லிவிட்டுப் பாலில்லாத தே ஓ தேநீர் குடிக்கப் போய்விடுவாய். எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருக்கும். அந்தப் பெருமையைத்தான் பின்னால் சொல்லப் போகிறேன்.

இறக்கத்தில் நான் பயந்து தரையையே பார்த்துக்கொண்டு வருவேன். "கல்லப் பாக்காதீங்க அண்ணி, அது பாட்டுக்குக் கெடக்கட்டும். நீங்க போற வழியப் பாருங்க" என்று பின்னாலிருந்து கத்துவாய். ஏற்றத்தில் நான் நிற்காத இடம் கிடையாது. தோட்டத்து எல்லையில் ஒரு முனீஸ்வரர் இருப்பார், மரத்தடியில் நாகம்மா இருப்பாள், கேட் பக்கத்தில் தகரக் கூரைக்குள் மாரியம்மா இருப்பாள். இறங்கி, செருப்பைக் கழற்றி, கும்பிட்டு, பொட்டலத்திலிருந்து விபூதி எடுத்து உனக்கும் பூசிவிட்டுத்தான் ஏறுவேன். "இது சைக்கிள் இல்ல, தேரு. தெருவுக்குத் தெரு நிக்குது" என்று சலித்துக்கொள்வாய். ஆனால் ஒரு நாள் நான் மறந்து ஒரு முனியைத் தாண்டிப் போனபோது, "அண்ணி, ஒருத்தர விட்டுட்டீங்க" என்று நிறுத்தியவளும் நீதான்.

நாம் போன பாதைகளில் நமக்குப் பிடித்தது ஜாசினுக்கு அப்பால் அந்த மலைப்பாதை. காரில் சைக்கிள்களைக் கட்டிக்கொண்டு தோட்டத்து கேட் வரை போவோம். அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் ஏற்றம். ஒரு பக்கம் காடு, இன்னொரு பக்கம் செம்பனை. மேலே ஏறி நின்றால் எதிரே லெடாங் மலை பாதி மேகத்துக்குள் நிற்கும். குரங்குகள் கிளையை உலுக்கும். பிறகு ஒரே இறக்கம். அது கெசாங் ஆற்றில் போய்ச் சேரும் ஒரு சிற்றாற்றின் பலகைப் பாலத்தில் முடியும். கைப்பிடி இல்லாத பாலம். அக்கரையில் ஒரு ஒட்டுக்கடை. அந்த மலாய்க்கார அம்மா நம்மைக் கண்டாலே வாழைப்பழப் பலகாரத்தை எண்ணெயில் போடுவார். கிளம்பும்போது, "ஹாத்தி-ஹாத்தி" என்று எச்சரித்து அனுப்புவார். உனக்கு நாலு பலகாரம், எனக்கு ஒன்று, அதுவும் சர்க்கரையைக் காரணம் காட்டி நீ பாதியைப் பிய்த்துக்கொள்வாய்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். எத்தனை கிலோமீட்டர், மழையா வெயிலா, பாலத்துக் கம்பத்தில் தண்ணீர் எத்தனையாவது சிவப்புக் கோடு வரை இருந்தது, எந்தப் பாதை அடைபட்டுக் கிடக்கிறது, எந்த இடத்தில் நாய் துரத்தியது. எதையும் கூட்டியோ குறைத்தோ எழுதுவது எனக்குப் பிடிக்காது. தண்ணீர்க் கோட்டைப் பார்க்க ஒவ்வொரு முறையும் பாலத்தின் நடுவில் நிறுத்துவேன். "ஆத்துக்கு ஆடிட்டர் வந்துட்டாங்க" என்பாய்.

நாலாம் வருடம் நீ உண்மையான கிரேவல் பைக் வாங்கினாய். பச்சையும் சாம்பலுமான நிறம். உன்னுடைய வீடு மாடியில் இருந்ததால் சைக்கிளை எங்கள் வீட்டு போர்ச்சில்தான் நிறுத்துவாய். அது வந்த இரண்டாவது வாரம் ஆயுத பூசை.

வெள்ளிக்கிழமை காலையிலேயே அரிவாள்மணை, தேங்காய்த் துருவி, தையல் இயந்திரம், உன் அண்ணனின் திருகாணிப் பெட்டி எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, இரும்பெல்லாம் துருப்பிடிக்காமல் இருக்க நல்லெண்ணெய் தொட்டுப் பூசி வைத்தேன். உங்கள் வீட்டு வழக்கம் அது. நான் கல்யாணமாகி வந்து பழகியது. பிறகு சைக்கிள்களுக்கு வந்தேன். என் பழைய சைக்கிளுக்கு ரப்பர் கட்டை சக்கரத்தின் வளையத்தைப் பிடிக்கிற பிரேக். உன்னுடையதில் சக்கரத்தின் நடுவே ஓட்டை ஓட்டையாக ஒரு இரும்புத் தகடு பளபளவென்று இருந்தது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. அது என்னவென்று நான் ஒரு வீடியோவிலும் பார்த்ததில்லை. கேட்டிருக்கலாம். என் டிபார்ட்மெண்ட் ஆயிற்றே, நான் ஏன் கேட்பேன். புது இரும்பு, துரு ஏறிவிடக் கூடாது என்று பஞ்சில் எண்ணெய் நனைத்து இரண்டு தகட்டிலும் இரண்டு பக்கமும் நன்றாகப் பூசினேன். அதன்மேல் மூன்று மூன்று இடத்தில் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்தேன். ஹாண்டில்பாரில் மல்லிகைச் சரம். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். உன் அண்ணனே பார்த்துவிட்டு, "நீ ஒரு காரியம் செஞ்சா கணக்கா இருக்கும்" என்றார்.

மறுநாள் காலை கேட்டில் இறங்கிச் சைக்கிளில் ஏறியதும் உன் பிரேக் கீச்சென்று கத்தியது. "புதுசு அண்ணி, பழகணும்" என்றாய். பிறகு மூன்று கிலோமீட்டரும் ஏற்றம். பிரேக் பிடிக்க வேலையே இல்லை. மேலே நின்று தண்ணீர் குடித்தோம். வழக்கம்போல, "நீங்க மொதல்ல இறங்குங்க. கீழ போய்ச் சேந்ததும் நான் வரேன்" என்றாய். நான் மெதுவாக இறங்கி, பாலத்தின் நடுவில் நிறுத்தி, ஒரு காலை ஊன்றிக்கொண்டு கம்பத்துக் கோட்டைப் பார்த்தேன்.

"அண்ணி" என்று ஒரு குரல் கேட்டது. கூப்பிடுகிற குரல் இல்லை அது. திரும்பினேன். நீ வந்துகொண்டிருந்த வேகத்தை இன்றைக்கும் கண்ணை மூடினால் பார்க்க முடிகிறது. இரண்டு கையும் பிரேக்கை இறுக்கிப் பிடித்திருந்தன. சைக்கிள் கேட்கவில்லை. பாலத்தின் அகலம் மூன்று பலகை. அதன் நடுவே நான். நேரே வந்திருந்தால் என் மேல்தான் வந்திருப்பாய். நீ கடைசி இருபது அடியில் இடப் பக்கம் ஒடித்து, வெட்டிக் குவித்திருந்த செம்பனை மட்டைக்குள் போய் விழுந்தாய்.

நான் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்தேன். மட்டை முள்ளெல்லாம் உன் கையிலும் கழுத்திலும் ஏறியிருந்தது. வலது தோள் கீழே தொங்கியது.

"தலை? தலையில அடியா?"

"தலை இருக்கு அண்ணி. தோளுதான் எங்கயோ போயிடுச்சு."

மல்லாந்து கிடந்த சைக்கிளின் சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. உன் கண் அதில் நின்றது. தகட்டைச் சுற்றிச் சந்தனமும் குங்குமமும் எண்ணெயில் குழைந்து ஒரு வளையமாக ஓடியிருந்தது. இடது கையை நீட்டித் தொட்டு, மோந்து பார்த்தாய்.

"நல்லெண்ணெய். இதுல போட்டீங்களா அண்ணி?"

"எல்லா இரும்புக்கும்தானே போட்டேன்."

"அதுதான் பிரேக்கு."

நீ சிரிக்க ஆரம்பித்தாய். சிரித்ததில் தோள் குலுங்கி, வலியில் அழுதாய். கடைக்காரச் சீனர் சைக்கிளைக் கொடுக்கும்போதே இந்தத் தகட்டில் விரல்கூட வைக்காதே என்று சொல்லியிருந்தாராம். "எனக்குத்தான் உங்ககிட்ட சொல்லணும்னு தோணல" என்றாய். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சாமி காரியம் என்று நினைத்துச் செய்தது இப்படி ஆகிவிட்டதே, இனி எந்தக் கையால் விளக்கேற்றுவேன் என்று என்னவோ புலம்பினேன்.

"பூசையில ஒரு தப்பும் இல்ல. எண்ணெயிலதான் தப்பு. ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்காதீங்க" என்று முள் குத்திய கையோடு எனக்குச் சமாதானம் சொன்னாய். பிறகு, "அண்ணன்கிட்ட உடும்பு குறுக்க வந்துச்சுன்னு சொல்லிடலாம்" என்றாய்.

"எந்த உடும்பு?"

"ஏதோ ஒரு உடும்பு. இந்தத் தோட்டத்துல இல்லாத உடும்பா. உண்மை தெரிஞ்சா காலம் பூரா உங்கள சொல்லிக் காட்டுவாரு. சத்தியம் பண்ணுங்க. அந்த விபூதிப் பொட்டலத்து மேல பண்ணுங்க."

பண்ணினேன். பழம் ஏற்ற வந்த ஒரு டிராக்டர்க்காரர் உன்னைத் தூக்கி உட்கார வைத்து கேட் வரை கொண்டு வந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் காறை எலும்பு முறிந்திருக்கிறது என்றார்கள். பதினேழு முள் எடுத்தார்கள். உன் அண்ணன் தொழிற்சாலையிலிருந்து அப்படியே ஓடி வந்தார். உயிருக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் அவருக்குக் கோபம் வந்தது. பயம் தெளிந்தால் அவருக்குக் கோபமாகத்தான் வெளியே வரும்.

"உடும்பாம் உடும்பு. அது என்னா மாடா? பிரேக் எதுக்கு வெச்சிருக்கான்?"

"பிடிச்சேன்ணே. வழுக்கிடுச்சு."

"லோரிக்காரனுங்களுக்கு தெனமும் பாடம் நடத்துறே. உனக்கு யாரு நடத்துறது? தலைதெறிக்க ஓட்டியிருக்கே. இனிமே அந்தச் சனியனத் தொட்டே, என் வீட்டுப் பக்கம் வராதே."

"சரிண்ணே. வரல" என்றாய்.

அந்த அறையில் நான் நின்றுகொண்டிருந்தேன். அவர் சொன்னது ஒவ்வொன்றும் எனக்குச் சேர வேண்டியது. வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதினேன்: ஏற்றம் மூன்று கிலோமீட்டர், வெயில், தண்ணீர் இரண்டாம் கோடு, உடும்பு குறுக்கே வந்ததால் விழுந்தாள். அந்த நோட்டில் நான் எழுதிய ஒரே பொய் அது.

மூன்று வாரத்தில் தீபாவளி. ஒவ்வொரு வருடமும் விடிந்ததும் புதுச்சேலையோடு உன் வீட்டுப் படியேறுகிறவர், அந்த வருடம் என் கையில் கொடுத்தனுப்பினார். நீ பையைப் பிரித்துப் பார்த்தாய்.

"அண்ணன் எடுத்தாரா, நீங்க எடுத்தீங்களா?"

"அவருதான் எடுத்தாரு."

"பொய். அவரு எடுத்தா மஞ்சளாதான் இருக்கும்."

நீல நிறச் சேலை அது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீ முறுக்குத் தட்டை என் பக்கம் நகர்த்தி வைத்தாய்.

தோள் கூடியதும் நீ மறுபடி சைக்கிளில் ஏறினாய். தகட்டையெல்லாம் கடையில் மாற்றி, சைக்கிளை உன் மாடிக்கே தூக்கிக்கொண்டு போயிருந்தாய். ஏறிவிட்டதால் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. சொன்னால் சொன்னபடி நிற்பதில் அண்ணனும் தங்கையும் ஒரே அச்சு. என்னை அவர் தடுக்கவில்லை. "நீ நிதானமா போறவ" என்றார். சனிக்கிழமைகளில் நான் தோட்டத்து கேட்டில் உன்னைச் சந்திப்பேன். வீட்டில் அவர் உன் பெயரை எடுப்பதில்லை. ஆனால் நான் திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போது எங்கேயாவது பக்கத்தில் வந்து நிற்பார். நானாக, "நல்லா இருக்கா" என்பேன். "நான் கேக்கலியே" என்று உள்ளே போய்விடுவார்.

ஒரு தடவை அதே பாலத்தில் உன்னிடம் கெஞ்சினேன். சொல்லிவிடுகிறேன், ஒரு நாள் கத்துவார், அதோடு முடிந்துவிடும் என்று.

"ஒரு நாள் கத்தற ஆளா அவரு? என் மேல கோவம்னா இன்னிக்கு இருக்கும், நாளைக்குப் போயிடும். நான் தங்கச்சி. உங்க மேல அவரு வெச்சிருக்கற நெனப்பு வேற. நீங்க செஞ்சா கணக்கா இருக்கும்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறாரு. அத ஒடைக்காதீங்க."

"அப்ப எத்தனை நாளைக்குத்தான்?"

"அடுத்த ஆயுத பூசைக்கு நானே வீட்டுக்கு வரேன். சைக்கிளோட வரேன். எல்லாரும் உக்காந்து சுண்டல் சாப்பிடும்போது சிரிச்சிக்கிட்டே சொல்லிடறேன். ஒரு வருஷமான கதைக்கு யாரும் கோவப்பட மாட்டாங்க."

நீ சொன்னதை ஏற்றுக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், உன் சத்தியம் எனக்கு வசதியாகவும் இருந்தது. அவர் கண்ணில் நான் கணக்கானவளாகவே இருந்துகொண்டேன். அதை இப்போதாவது உன்னிடம் ஒப்புக்கொள்கிறேன்.

ஆயுத பூசைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கும்போது, ஆபிஸில் தலை வலிக்கிறது என்று சொல்லி மேசையில் சாய்ந்தாய். மூளையில் ரத்தம் கசிந்திருக்கிறது என்றார்கள். இரண்டு நாள் கண் திறக்கவில்லை. அந்த இரண்டு நாளும் அவர் உன் கட்டிலை விட்டு நகரவில்லை. உனக்குக் கேட்டதா என்று டாக்டர்களாலும் சொல்ல முடியவில்லை. கதவருகே நின்ற எனக்குக் கேட்டது. "வீட்டுக்கு வா. சைக்கிள எடுத்துக்கிட்டே வா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் போன பிறகு, அவர் என் நோட்டை எடுத்துப் படிக்க ஆரம்பித்தார். நீ எங்கெங்கே போனாய் என்று தெரிந்துகொள்ளத்தான். இரண்டு நாள் படித்தார். நாய் துரத்திய இடத்தில் சிரித்தார். மூன்றாம் நாள் காலை பசியாறிக்கொண்டிருக்கும்போது அந்தப் பக்கத்தில் விரலை வைத்து, "இந்த உடும்ப நீ பாத்தியா?" என்று கேட்டார். சந்தேகத்தில் கேட்கவில்லை. எவ்வளவு பெரிதாக இருந்தது என்று தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"உடும்பே வரலைங்க" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணெய், சந்தனம், பாலத்தின் நடுவே நான் நின்றது, நீ ஒடித்தது, சத்தியம், அடுத்த ஆயுத பூசைக்கு வந்து சொல்கிறேன் என்று நீ சொன்னது.

அவர் தோசையை அப்படியே வைத்துவிட்டார்.

"பத்து மாசம் இதே மேசையில என் எதுக்க உக்காந்து சாப்பிட்டிருக்கே."

"ஆமாங்க."

"நான் அவள அப்படிப் பேசினப்ப நீயும் அங்கதான் நின்ன."

"ஆமாங்க. சத்தியம் பண்ணிட்டேன்னு இருந்தேன். தப்புதான்."

கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து கை கழுவிக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு பல வாரம் என்னிடம் வேண்டிய பேச்சு மட்டும். சோறு, தண்ணீர், கேட் சாவி. உனக்கு நடந்தது எனக்கும் நடந்தது, நியாயம்தான் என்று இருந்துவிட்டேன். துக்க வருடம், கோயிலுக்குப் போகக்கூடாது. வீட்டுச் சாமி அறையில் நின்றேன். சத்தியத்தை உடைத்ததற்கு மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயில் வந்ததோ, அவ்வளவு நாள் அதை உடைக்காமல் வைத்திருந்ததற்கான மன்னிப்பு.

ஆயுத பூசை நாள் வந்தது. நம் வீட்டில் பூசை இல்லை. பக்கத்து வீடுகளில் மணி அடித்துக்கொண்டிருந்தது. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, "இன்னிக்குத்தானே வந்து சொல்றேன்னு சொன்னா?" என்றார். ஆமாம் என்றேன். "அந்த எடத்தைக் காட்டு" என்றார்.

கேட்டுக்கு மேல் கார் போகாது. அவர் முழங்கால் வலி உனக்குத் தெரியும். அந்த மூன்று கிலோமீட்டரும் நடந்தார். நடுவில் நான் முனீஸ்வரரைப் பார்த்துத் தூரத்திலிருந்தே கையெடுத்தபோது அவரும் நின்றார். மேலே போய் இறக்கத்தைப் பார்த்தார்.

"நீ எங்க நின்ன?"

"பாலத்து நடுவுல."

"அவ?"

மட்டைக் குவியல் இருந்த இடத்தைக் காட்டினேன். மட்டை மக்கிப் போய் அந்த இடத்தில் கோரைப்புல் எழுந்திருந்தது. அவர் இறங்கிப் போய்ப் பாலத்தின் நடுவில், நான் நின்ற இடத்தில், மேட்டைப் பார்த்து நின்றார்.

"நேரா வந்திருந்தா ரெண்டு பேரும் ஆத்துக்குள்ள."

"ஆமாங்க."

"அவ தலைதெறிக்க ஓட்டினான்னு நான் சொன்னேன்." ஒட்டுக்கடை அம்மா நாற்காலி கொண்டு வந்து போட்டார். நீ எங்கே என்று கேட்டார். நான் சொன்னேன். அந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு அடுப்பை அணைத்துவிட்டு எங்களோடு உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த வாரம் உன் வீட்டைக் காலி செய்தபோது, உன் சைக்கிளை அவரே தோளில் போட்டு மாடிப்படியில் இறக்கினார். சீனர் கடைக்குக் கொண்டுபோய், பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று ஆதியிலிருந்து சொல்லச் சொல்லி, என்னைப் பக்கத்தில் நிற்க வைத்து, "கேட்டுக்க" என்றார். பல வாரத்துக்குப் பிறகு அதில்தான் கொஞ்சம் பழைய குரல் இருந்தது. "இத நீ ஓட்டு" என்று என்னிடம் கொடுத்தார். உயரம் எனக்குக் கொஞ்சம் அதிகம். இருக்கையை இறக்கிக்கொண்டேன்.

இப்போது சனிக்கிழமைகளில் தனியாகத்தான் போகிறேன். மேட்டில் நின்று பிரேக்கை இரண்டு முறை அழுத்திப் பார்க்கிறேன். வழியைப் பார்த்து இறங்குகிறேன். பாலத்தின் நடுவில் நிறுத்துவதில்லை. அக்கரைக்குப் போய், அங்கிருந்து கம்பத்துக் கோட்டைப் பார்த்துக்கொள்கிறேன். நோட்டில் அந்த ஒரு வரியை அடித்துவிட்டு நடந்ததை எழுதி வைத்திருக்கிறேன்.

அக்கரையில் போனுக்குச் சிக்னல் கிடைக்கும். அங்கே நின்று வீட்டுக்குக் கூப்பிட வேண்டும் என்று அவர் சொல்லியிருக்கிறார். இன்றும் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"இறங்கிட்டியா?"

"இறங்கிட்டேங்க."

இந்தக் கேள்வியை அவர் உன்னிடம் கேட்டிருக்க வேண்டிய பத்து மாதம் இருந்தது. அதை அவருக்கும் உனக்கும் இல்லாமல் செய்தவள் நான். வேறு எதை இறக்கி வைத்தாலும் இதை இறக்கி வைக்க எனக்கு இடமில்லை. பதில் சொன்ன பிறகும் அவர் போனை வைப்பதில்லை. நானும் வைப்பதில்லை. ஆற்றுச் சத்தம் அவருக்குக் கேட்கட்டும் என்று சும்மா பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.